உப்புக் காது

முதலில் கேட்டது ஒரு இருமல்தான். காலை பத்து மணிக்கு, சங்குமேட்டு உப்பளங்களின் மேல் கண் கூசுகிற வெயில் ஏறி நிற்கிற நேரத்தில், எங்கிருந்து என்று தெரியாமல், தொண்டையில் தொடங்கி நெஞ்சுக்குள் இறங்கி மறுபடியும் தொண்டைக்கு ஏறி, கடைசியில் ஒரு காறலில் முடிகிற அந்த இருமல் கேட்டதும், டீக்கடையில் நின்ற நாலு பேர் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்கள், பாத்தியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்கள் சட்டென்று குனிந்து உப்பு வாரும் பலகையை இழுத்தார்கள், லாரி நிழலில் படுத்திருந்தவன் எழுந்து காரணமில்லாமல் ஒரு வெறுங்கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். ஒரு கூடை உப்பு பாத்தியிலிருந்து அம்பாரத்துக்குப் போய்ச் சேருகிற நேரம் கழிந்த பிறகுதான், இருமியது கங்காணி சங்கிலி என்பதும், கங்காணி சங்கிலி செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது என்பதும் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தது.

"செத்தும் வேல வாங்குதாரு," என்றான் டீக்கடைக்காரன், மிதிபட்ட பீடிகளைப் பார்த்துக்கொண்டே. சத்தம் சொரிமுத்து வீட்டுப் பக்கமிருந்து வந்தது என்று தெரிந்ததும், அப்படியென்றால் சரிதான் என்று எல்லோரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

சொரிமுத்துவின் வீடு ஊரின் கிழக்குக் கோடியில், ஒரு உடைமரத்தின் கீழ், தகரக் கூரையோடு தனியாக நிற்கும். அவனுக்கு ஐம்பது வயது. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறுவரை உப்புக் கிட்டங்கிக்குக் காவல். மூட்டைகளுக்கு நடுவே ஒற்றை பல்பின் கீழ் உட்கார்ந்து, பழைய பேப்பர்க் கடையில் எடைக்கு வாங்கிய ரேடியோப் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படிப்பான். பகலில் தூங்கவேண்டிய உடம்பு தூங்க மறுத்து எழுந்து, படித்ததையெல்லாம் செய்துபார்க்கும். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால், இது நடக்காது என்று சொல்லவும் ஆள் இல்லை.

அவன் செய்தது காதுகள். ரெக்கார்டில் இருக்கிற வரிப்பள்ளம் ஒரு சந்து என்றால், ஊசி அதில் நடந்துபோகிற ஆள். அந்த ஆள் எப்படியெல்லாம் தள்ளாடுகிறான் என்று பார்த்துச் சொல்ல இன்னொருவன் வேண்டும். ஊசியின் முதுகில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்கிற சின்னப் பெட்டியைக் கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜ் என்பார்கள், சொரிமுத்து காது என்பான். எல்லோரிடமும் இருப்பது காந்தக் காது: ஊசி ஆடினால் காந்தம் ஆடும், காந்தம் ஆடினால் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கும், அதைப் பெருக்கினால் பாட்டு. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, கல்யாண வீட்டுக்கு அது போதும். ஆனால் காந்தக் காதுக்கு ஓட்டம் மட்டும்தான் கேட்கும்; ஊசி நின்றுவிட்டால் அது எந்த இடத்தில் நிற்கிறது என்று அதற்குத் தெரியாது, நின்றுபோனவர்களைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது, பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி, அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

அதனால் அவன் வேறு காதுகளைத் தேடினான். அவற்றைக் கேட்டுப் பார்க்க அவனுக்கு இருந்த ஒரே ஆள் பால்வண்ணம் அண்ணாச்சி. ஒரு காலத்தில் சங்குமேட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சமைத்தவர், அறுபதைத் தாண்டியபின் கரண்டியை இறக்கி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் ருசி பார்க்கிற பழக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்னடே இது, தராசுல்லா?" என்றார் முதல் காதைப் பார்த்து.

"தராசுதான் அண்ணாச்சி. கிட்டங்கியில கெட்டுப்போன எலக்ட்ரானிக் தராசு. மூட்டைய வச்சா உள்ள இரும்பு வளையும், அந்த வளைவ அளக்க அதுல ஒரு சின்னப் பட்டை ஒட்டியிருப்பான். அதப் பிச்சு ஊசி முதுகுல ஒட்டியாச்சு. இவ்வளவு நாளா உப்ப நிறுத்துச்சு, இனி பாட்ட நிறுக்கும்."

"பாட்டு எத்தன கிலோ வருது?"

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

தராசிலிருந்து பிறந்த அந்த அழுத்தக் காதுக்கு ஊசி நிற்பதும் தெரியும். தவிலின் அடிச்சத்தம் அதில் தரையிலிருந்து ஏறி வந்தது; தவில்காரர் உட்கார்ந்திருந்த பலகை முனகியதுகூட வந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கனமாத்தான் இருக்கு, ஆனா இடுப்புப் பிடிச்சவன் பாடுத மாதிரி இருக்கு" என்றார். அடுத்து ஒளிக் காது. டார்ச் லைட்டின் குண்டூசித்தலை பல்பு ஒன்று, எதிரே வெளிச்சத்தை மின்சாரமாக்குகிற இரண்டு கண்கள், நடுவே ஊசியின் முதுகில் நிற்கிற ஒரு துளித் தகரம். ஊசி ஆட நிழல் ஆடும், நிழல்தான் பாடும், ஊசிக்கு அங்கே சுமக்க ஒன்றுமே இல்லை. வீட்டில் டியூப்லைட் எரிந்தால் அதுவும் கூடச் சேர்ந்து முனகும் என்பதால் கதவைச் சாத்தி, தகரத்து ஓட்டைகளில் துணி அடைத்து, இருட்டில் கேட்கவேண்டும். பாடகி பாடுவதற்கு முன்னால் உதடு பிரிக்கிற சத்தம் அதில் கேட்டது. பிறகு காற்றுக் காது: ஒரு மயிரிழை இடைவெளியில் எதிரெதிரே நிற்கிற இரண்டு தகடுகள், நடுவிலுள்ள காற்று கூடிக் குறைவதைக் கேட்பது. அது பொல்லாத கூச்சக்காரக் காது, ஆள் கையை நீட்டினாலே பாட்டு ஒதுங்கும்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றார் அண்ணாச்சி. "வெளிச்சத்துல கேட்டமே, அது ரொம்பச் சுத்தம். ஆனா எதுலயும் உப்பு இல்லடே."

சமையல்காரர் சமையல்காரராகச் சொன்னது அது. ஆனால் சொரிமுத்து அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான், ஏனென்றால் அவன் புத்தகங்களில் ஒன்றில், அமுக்கினால் மின்சாரம் கசிகிற ஒரு உப்பைப் பற்றி, ஓரம் கிழிந்த ஒரு பக்கத்தில் எழுதியிருந்தது.

இத்தனை காதுகளும் எதற்கு என்று அண்ணாச்சி ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் என்று சொரிமுத்து சொல்லியிருப்பான். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசியை அவன் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தான். அது ஒரு ரெக்கார்டு. இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால், சொரிமுத்து மைக்செட் வேலையில் இருந்தபோது, சங்குமேட்டில் நடந்த ஒரு கல்யாணத்தில் அவன் கடைசியாகப் போட்ட ரெக்கார்டு. பந்தலுக்குப் பின்னால் சமையல் கொட்டகை, கொட்டகைக்குப் பக்கத்தில் அவனுடைய மேசை, அதற்கப்பால் நூறு அடியில் உவர்நீர்க் குட்டை. மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனைக்கு வந்த நேரம், சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தான். அப்போது அடுப்படியிலிருந்து பால்வண்ணம் அண்ணாச்சி, கொஞ்சம் குறை, யாரோ பிள்ளை கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னார். சொரிமுத்துவுக்கும் கேட்டது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தான், நினைத்து இன்னும் கொஞ்சம் கூட்டினான். குட்டையிலிருந்து அன்று மத்தியானம் எடுத்தது, சமையலுக்குக் கூடமாட வந்திருந்த பேச்சித்தாயின் மகள் பூங்கனியை. ஏழு வயது. பேச்சித்தாய் ஈரப்பாவாடையைப் பிழிந்துகொண்டே எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள், அவனிடமும் கேட்டாள்: "முத்து, நீ இங்கனதான இருந்த, சத்தம் எதுவும் கேட்டிச்சா?" அவன் இல்லை என்றான். பால்வண்ணம் அண்ணாச்சியோ, அன்றைக்கு அடுப்படியில் யார் யாரிடம் என்ன சொன்னோம் என்பதை அன்றைக்கே மறந்திருந்தார்.

மறுநாள் மைக்செட்டை விட்டான். ஆள் சத்தம் இல்லாத வேலை என்று கிட்டங்கிக் காவலுக்குப் போனான். ரெக்கார்டை மட்டும் எடுத்துவந்தான். இருபத்துநாலு வருஷமாக அவன் தேடியது, அந்த ரெக்கார்டைப் போட்டால் பாட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று துப்புரவாகச் சொல்லிவிடுகிற ஒரு காதை. ஒவ்வொரு காதையும் செய்து முடித்ததும், இதில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று பெட்டிவரை குனிவான். பிறகு இதைவிட நல்ல காது ஒன்று இருக்கும் என்று நிமிர்ந்துவிடுவான்.

உப்புக் காதுக்கு வேண்டியது புளியும் சலவைச் சோடாவும். புளி பேச்சித்தாயிடம்தான் வாங்கவேண்டும், ஊரில் வேறு புளி கிடையாது. தண்ணீர்த்தொட்டி நிழலில் சாக்கை விரித்து, ஒரு கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டிக் கொட்டை எடுத்தபடி உட்கார்ந்திருப்பாள். வருஷக்கணக்காக அவன் அவளிடம் கால் கிலோ என்பதற்கு மேல் பேசியதில்லை, அன்று இரண்டு கிலோ என்றான். "எந்தக் கல்யாணத்துக்கு?" என்றாள் அவள், நிமிராமல். அதைக் கொதிக்கவைத்து, வடித்து, சோடாவைச் சேர்த்து, பொங்கி அடங்கியதை மறுபடி வடித்து, நூலைத் தொங்கவிட்டு ஆறவைத்தான். ஒன்பதாம் நாள் நூலின் நுனியில் கண்ணாடிக் கட்டி மாதிரி ஒரு படிகம் முளைத்திருந்தது. ஈரநூலால் அதை மெல்ல அறுத்து, நகத்தளவு வில்லை எடுத்து, இரண்டு பக்கமும் தகடு ஒட்டி, ஊசியின் முதுகில் ஏற்றினான். கங்காணி சங்கிலி வீட்டுப் பழைய சாமான்களோடு வந்த ஒரு நாகஸ்வர ரெக்கார்டைப் போட்டான். நாகஸ்வரம் வந்தது. அதற்குப் பின்னால் சாய்வு நாற்காலி கிரீச்சிட்டது, இருமல் வந்தது, பிறகு கங்காணி, "ஏட்டி, அந்த ஃபேனக் கூட்டு" என்றார்.

சொரிமுத்து ஊசியைத் தூக்கி, துடைத்து, அதே இடத்தில் வைத்தான். அதே இருமல். காந்தக் காதை மாட்டிப் போட்டான், நாகஸ்வரம் மட்டும். அழுத்தக் காதில் நாகஸ்வரமும் பலகையும். ஒளிக் காதில் நாகஸ்வரக்காரர் மூச்சை இழுப்பது. உப்பை மாட்டினால் கங்காணி. பாட வந்தவர்களை மற்றக் காதுகள் கேட்டன, கேட்க வந்தவர்களை உப்பு கேட்டது. ரெக்கார்டு ஓடுகிற ஒவ்வொரு தடவையும், அது ஓடுகிற வீட்டின் சத்தம் ஊசி வழியாக இறங்கி, வரிப்பள்ளத்தின் சுவரில் ஒரு மூச்சுக்காற்றின் கனத்தில் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு ஆச்சரியமாக இல்லை. கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை மட்டும் காலால் இன்னும் உள்ளே தள்ளினான்.

மூன்றாம் நாளிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மைக்செட் கடைக்காரர் கடையை எடுத்தபோது பழைய ரெக்கார்டுகளை ஊருக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவை பானைக்கு மூடியாக, ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக, வேப்பங்கிளையில் காக்கை விரட்டுகிற கறுப்பு நிலாவாக இருந்தன. எல்லாவற்றையும் இறக்கி, சீயக்காய் போட்டுக் கழுவி, சேலையில் துடைத்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி செத்துப்போன மாமியார் தன்னை ஏசுவதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம், மாமியார் மூச்சு வாங்குகிற இடங்கள் பார்த்துத் திருப்பி ஏசினாள், மறுநாள் அதே ரெக்கார்டைக் கொண்டுவந்து, இன்றைக்குச் சும்மா கேட்கிறேன் என்றாள். வரப்புச் சண்டையில் எட்டு வருஷம் பேசாமல் இருந்த அண்ணனும் தம்பியும், அப்பா யாருக்கு என்ன சொன்னார் என்று தெரிந்துவிடும் என்று ஆளுக்கொரு பக்கம் நின்று கேட்டார்கள். அப்பா ஒரு பக்கம் முழுக்க ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில், "எலே, கொஞ்சம் சுக்குத்தண்ணி தாங்கல" என்றார். அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் இரண்டு வீட்டிலும் சுக்குத்தண்ணி கொதித்தது, இரண்டு டம்ளரும் ஒரே படத்துக்கு முன்னால் வைக்கப்பட்டன.

கூட்டம் உள்ளே கொள்ளாததால் வார்டு மெம்பர் கிருபாவதி உடைமரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டச் செய்தாள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்தான் என்று விதி போட்டாள். படிகம் ஈரத்துக்கு இளகும் என்று சொரிமுத்து சொன்னதால் இன்னொரு விதியும் போட்டாள்: அழுகிறவர்கள் உடைமரத்துக்கு அந்தப்பக்கம் போய்த்தான் அழவேண்டும். உப்புக்காரர்களுக்கு அதைப் புரியவைக்கத் தேவையில்லை, ஒரு தூற்றலில் ஒரு வருஷத்து உழைப்பு கரைவதைப் பார்த்தவர்கள். உள்ளே நின்று கேட்பார்கள், முகம் இறுகும், யாரையும் இடிக்காமல் நடந்து மரத்தைத் தாண்டுவார்கள், அதன் பிறகுதான் அழுவார்கள். ஒரு வாரத்தில் ஊரே அதில் தேறிவிட்டது. இன்னொன்றும் நடந்தது. டிவி ஓடும்போது யாரும் யாரையும் ஏசுவதில்லை என்று ஆனது. அதுவும் எதிலாவது படிந்துவிட்டால் எதற்கு வம்பு. புருஷன்மார்கள் ரேடியோவின் முன்னால் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இதற்கு விஞ்ஞான விளக்கம் உண்டு என்று ஆரம்பித்தார். கிருபாவதி, "சார், வரிசையில வாங்க" என்றாள்.

வராதவள் பேச்சித்தாய் ஒருத்திதான். ஸ்பீக்கரில் ஊரின் செத்தவர்கள் எல்லாம் பேசிக்கொண்டிருக்க, தண்ணீர்த்தொட்டி நிழலில் அவள் புளி தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் வரிசையில் கடைசி ஆள் போனபிறகு, சொரிமுத்து அந்தச் சத்தத்தைக் கேட்பான். அவளுடைய மகளின் குரல் இருக்கிற ஒரே இடம் தன் கட்டிலுக்கடியில்தான் என்று அவனுக்குத் தெரியும். அதைக் கொடுத்தால் தன்னுடைய பொய்யும் கூடவே போகும் என்றும் தெரியும்.

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியது. பாட்டிலில் வறுத்த அரிசிக்குள் புதைத்து வைத்தும் படிகத்தின் ஓரம் மழுங்கியது. இன்னொன்று வளர்த்தான். அதே புளி, அதே சோடா, அதே சட்டி. இரண்டாவது படிகத்துக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. மூன்றாவதும் அப்படியே. கிருபாவதி வரிசையைப் பார்த்து உள்ளது உள்ளபடி சொன்னாள்: "இருக்கிற ஒண்ணும் இளகிட்டு. இனி ஒரு பக்கம் ஓடும், கூடிப்போனா ரெண்டு. யாருக்கு ரொம்ப அவசரமோ அவுக வாங்க, மத்தவுக வீட்டுக்குப் போங்க." யாருக்கு அவசரம் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டே நின்றார்கள், அடுத்தவனுக்குத்தான் அதிகம் என்று ஒவ்வொருவருக்கும் பட்டது, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

மறுநாள் மூன்று மணிக்கு வடகிழக்கு கறுத்தது. உப்பளத்தில் இருந்த அத்தனை பேரும் அம்பாரங்களுக்குப் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் புளிச்சாக்கு, கையெல்லாம் புளிக்கறை.

"ரெக்கார்டு கொண்டாந்தியளாக்கா?" என்றான், கேட்கவேண்டியது அது இல்லை என்று தெரிந்தும்.

"எங்கிட்ட ஏதுப்பா. அன்னைக்கு நீ எடுத்துட்டுப் போனது உங்கிட்டதான இருக்கு."

அவன் குனிந்து பெட்டியை இழுத்தான். மஞ்சள் துணியை அவிழ்க்க நேரமாயிற்று, முடிச்சு இருபத்துநாலு வருஷ முடிச்சு.

"அக்கா, அன்னைக்கு நீங்க ஒண்ணு கேட்டிய. நான் இல்லன்னு சொன்னேன்."

"சொன்ன."

"அது வந்து…"

"அதான் பேசப்போகுதே, நீ எதுக்கு."

அவன் எழுந்து, வெளியே மரத்துக்குப் போகிற ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கப் போனான். அவள் கையை நீட்டி மறித்தாள்.

"இருக்கட்டும். அன்னைக்கு ஊரு கேக்கல. இன்னைக்குக் கேக்கட்டும்."

ஊசி இறங்கியது. அந்தக் கல்யாணத்தின் பாட்டு எழுந்து உடைமரத்தைத் தாண்டி அளத்தின் மேல் போயிற்று, அதன் பின்னாலேயே கல்யாணமும் எழுந்தது: பாத்திரங்கள், மேளம், பந்தலில் யாரோ யாரையோ கேலி செய்கிற சிரிப்பு, எண்ணெயில் விழுந்த கடுகு. அளத்தில் ஓலை கட்டிக்கொண்டிருந்தவர்கள், இது இன்னார் கல்யாணம் என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு, நாற்பத்தாறு வயதுப் பால்வண்ணத்தின் குரல், கரண்டிச் சத்தத்துக்கு நடுவில்: "ஏ முத்து, கொஞ்சம் கொறடே, யாரோ பிள்ள கூப்பிடுத மாதிரி இருக்கு." இருபத்தாறு வயதுச் சொரிமுத்துவின் குரல்: "பிள்ளையளு விளையாடுது அண்ணாச்சி." சொரிமுத்து தன்னுடைய அந்தக் குரலின் சுறுசுறுப்பைக் கேட்டுத் தலை குனிந்துகொண்டான். பாட்டு பெரிதாயிற்று.

அந்தப் பாட்டின் அடியில், துளைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மெலிந்து, ஆனால் ஒரு எழுத்தும் சிதையாமல், ஒரு பிள்ளை கூப்பிட்டது.

"அம்மா."

அளத்தில் ஓலையைப் பிடித்திருந்த கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டுவிட்டன. பெண்கள் பாத்தி வரப்புகளின் மேல் ஓடினார்கள், ஆண்கள் பாத்திகளுக்குள்ளேயே இறங்கி, விளைந்த உப்பை மிதித்துக்கொண்டு ஓடினார்கள், லாரிக்காரன் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு ஓடினான், டீக்கடைக்காரன் பால் பொங்கப் பொங்க விட்டு ஓடினான், கிருபாவதி செருப்பை உதறிவிட்டு ஓடினாள், எல்லாருக்கும் முன்னால், வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, எழுபது வயதுக் கால்களோடு பால்வண்ணம் அண்ணாச்சி ஓடினார். அன்றைக்குப் பிறக்காதவர்களும் ஓடினார்கள். சங்குமேடு முழுவதும், முழங்கால்வரை வெள்ளையாக, காற்றுக்கு எதிராக, உவர்நீர்க் குட்டையைப் பார்த்து ஓடியது. போய்ச் சேர்ந்ததும் கரையைச் சுற்றி நின்றது. குட்டையில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது, அதில் வானம் கறுப்பாகக் கிடந்தது. சிலர் இறங்கிக் கைகளால் துழாவினார்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் துழாவினார்கள்.

தூரத்தில் இரண்டாவது தடவையும் "அம்மா" கேட்டது. காற்று குட்டைப் பக்கமிருந்து இன்னும் பலத்து வீசத் தொடங்கியிருந்தது. அதன் பிறகு அங்கே நின்றவர்களுக்கு ஸ்பீக்கரிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை.

வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் மூன்றாவதும் கேட்டது. அதற்கு வந்த பதிலும் கேட்டது. ரெக்கார்டுக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு இளம் பொம்பளைக் குரல், வேலை நடுவில் கழுத்தை மட்டும் திருப்பிச் சொல்கிற குரல்:

"இந்தா வாரேன்டி. இந்தப் புளியக் கரச்சிட்டு வாரேன், இரு."

பாட்டு இன்னும் கொஞ்ச நேரம் ஓடி முடிந்தது. ஊசி கடைசி வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. சொரிமுத்து நிமிரவில்லை.

"அவ மொகம் இருக்கு எங்கிட்ட," என்றாள் பேச்சித்தாய். "சத்தம் போயிட்டு. ரெண்டு மூணு வருசமா எப்படி யோசிச்சாலும் வரமாட்டேங்குது. அதுல என் சத்தமும் இருக்கும்னு பயந்துதான் இத்தன நாளும் வரல."

"நானும் கேட்டேன்க்கா அன்னைக்கு."

"ம்." அவள் சுற்றுகிற ரெக்கார்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தன பக்கத்துல இருந்தவனுக்கே கேக்கலன்னா, எனக்குக் கேட்டதும் பிரமதான்னு நெனச்சுக்கிட்டேன். நீ சொன்ன அந்த ஒரு 'இல்ல'யப் பிடிச்சுக்கிட்டுத்தான் முத்து இவ்வளவு தூரம் வந்தேன்."

அவன் வயரைப் பிடுங்கி ஊசியைத் தூக்கினான். அதன் முதுகில் படிகம் இல்லை. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சொட்டு தண்ணீர் நின்றது. பேச்சித்தாய் இவ்வளவு நேரமும் படிகத்துக்கு ஈரம் ஆகாது என்று ஒரு கை தள்ளித்தான் நின்றிருந்தாள், கண் காய்ந்துதான் இருந்தது. இப்போது கிட்டே வந்து, அந்தச் சொட்டை விரலில் எடுத்து நாக்கில் வைத்தாள்.

"கரிக்குது," என்றாள். பிறகு, "புளிக்கவும் செய்யுது. என் புளிதான்."

உடைமரம் வரை போகவேண்டிய அவசியம் இனி இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். தகரத்தின் மேல் முதல் தூற்றல் விழுந்தது. குட்டைக் கரையிலிருந்து ஆட்கள் திரும்பி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஓடும்போது விட்ட ஓலைகளை எடுத்து அம்பாரங்களை மூடத் தொடங்கினார்கள். மிதித்த பாத்திகளில் அந்த வாரத்து உப்பு போனது போனதுதான். அதைப் பற்றி யாரும் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பால்வண்ணம் அண்ணாச்சி நனைந்துகொண்டே வாசலுக்கு வந்து நின்றார். முழங்கால்வரை வெள்ளைச் சேறு. மூச்சு இன்னும் அடங்கவில்லை. உள்ளே வராமல், யாரையும் பார்க்காமல், நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கடைசியில் சொன்னார்:

"பேச்சி, நாளைக்கு அரக் கிலோ புளி வேணும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கொட்ட எடுத்ததா, எடுக்காததா?"

"எடுத்தது."

மழை பலத்தது. பேச்சித்தாய் புளிச்சாக்கை அவிழ்த்துத் தரையில் விரித்து, சேலை முடிச்சிலிருந்து தட்டுகல்லை எடுத்தாள். கீழே வைக்க வேறு கல் இல்லாததால், சொரிமுத்து எழுந்து, கெட்டுப்போன தராசின் இரும்புத் தட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். அவனுக்கு வேலைக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எதிரே உட்கார்ந்து, ஒரு பிடி புளியைத் தன் பக்கம் இழுத்து, கோதும் நாரும் பிரித்து அவளிடம் நகர்த்தினான், அவள் தட்டத் தொடங்கினாள்.